மீராபாய்க்கு 48 நாள்... உங்களுக்கு எத்தனை நாள்? - 30+ல் வெயிட் தூக்குபவர்களின் ஓய்வுக் கணக்கு

ஆகஸ்ட் 2-ம் தேதி கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டிகள் முடிகின்றன. செப்டம்பர் 19-ம் தேதி ஜப்பானின் அய்ச்சி-நகோயாவில் ஆசியப் போட்டிகள் தொடங்குகின்றன. நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். சரியாக 48. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு மண்டலம்.

'ஒரு மண்டலம் சாப்பிட்டு வாங்க, சரியாயிடும்' என்று சித்த வைத்தியர் சொல்வாரே, அதே 48 நாள்தான். இரண்டு போட்டிகளிலும் களமிறங்கினால், மீராபாய் சானுவுக்குக் கிடைக்கப்போகும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் ஒரு பெரிய போட்டியின் களைப்பு இறங்க வேண்டும், வலி ஆற வேண்டும், மறுபடி உச்ச எடைக்கு ஏற வேண்டும், உடல் எடையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். இதற்கு நடுவில், ஆகஸ்ட் 8-ம் தேதி அவருக்கு 32 வயது ஆகிறது.

'ஒலிம்பிக் மெடல் வாங்கினவங்க கதை எனக்கு எதுக்கு ப்ரோ? நான் ஆபீஸ் முடிச்சு ஜிம்முக்குப் போறவன்' என்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 22 வயதில் முதல் முறை பார்பெல்லைத் தொட்டு, இப்போது 30-ஐத் தாண்டி, 'முன்ன மாதிரி முடியலையே... ஒருநாள் ஸ்குவாட் போட்டா மூணு நாள் மாடிப்படி இறங்க முடியலையே' என்று புலம்புகிற தலைமுறை ஒன்று இங்கே உருவாகிவிட்டது. அதில் நானும் ஒருவன். நமக்கெல்லாம் ஓய்வு பற்றிப் பாடம் எடுக்க, மீராபாயின் கடந்த 8 வருடங்களைவிட நல்ல புத்தகம் கிடைக்காது.

காயம் போட்ட டைம்டேபிள்

பதக்கங்களை எல்லோரும் எண்ணுவார்கள். நாம் இடைவெளிகளை எண்ணிப் பார்ப்போம்.

2017-ல் அமெரிக்காவின் அனஹைமில் 194 கிலோ தூக்கி உலக சாம்பியன். 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் 196 கிலோ, தங்கம். அதன் பிறகு கீழ் முதுகில் வலி. அந்த வருடத்து ஆசியப் போட்டிகளும் போச்சு, உலக சாம்பியன்ஷிப்பும் போச்சு. மாதக்கணக்கில் பார்பெல்லை விட்டு விலகியிருந்துவிட்டு 2019-ல் திரும்பி வந்தார்.

2020-ல் அமெரிக்காவுக்குப் போய், முன்னாள் பளுதூக்குபவரும் பிசியோதெரபிஸ்டுமான ஆரோன் ஹார்ஷிக்கிடம் சிகிச்சையும் பயிற்சியும் எடுத்தார். அடுத்த ஏப்ரலில் தாஷ்கண்ட் ஆசிய சாம்பியன்ஷிப்பில் க்ளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ, அன்றைய உலக சாதனை. ஜூலையில் டோக்கியோவில் 202 கிலோவுடன் வெள்ளி. அது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

2022 டிசம்பரில் போகோடா உலக சாம்பியன்ஷிப். மணிக்கட்டு வலியோடு 200 கிலோ, வெள்ளி. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இடுப்புக் காயம். கடைசி முயற்சியில் மேடையிலேயே சரிந்து விழுந்தார். 191 கிலோ, 4-ம் இடம். அடுத்து ஏறக்குறைய 6 மாத மறுவாழ்வு. 2024 ஏப்ரலில் ஃபுகெட்டில் திரும்பி வந்தபோது தூக்கியது 184 கிலோ. 'அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு' என்று சிலர் எழுதினார்கள்.

அதிலிருந்து நாலே மாதத்தில் பாரிஸில் 199. ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் நழுவியது. தாய்லாந்தின் சுரோட்சனா கம்பாவ் 200 தூக்கியிருந்தார். அன்று ஆகஸ்ட் 7. மறுநாள் மீராபாய்க்கு 30-வது பிறந்தநாள்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பகுதி இதற்கு அடுத்ததுதான். பாரிஸுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அவர் எந்தப் போட்டியிலும் இல்லை. 2025 ஆகஸ்டில் அகமதாபாத் காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பில் திரும்பினார், 193 கிலோ. இரண்டு மாதத்துக்குள் நார்வேயின் ஃபோர்டேயில் உலக சாம்பியன்ஷிப், 84-ம் 115-ம் சேர்த்து 199 கிலோ, வெள்ளி. பாரிஸில் 49 கிலோ பிரிவில் தூக்கிய அதே 199-ஐ, ஒரு வயது கூடிய பிறகு, ஒரு கிலோ குறைந்த 48 கிலோ பிரிவில் தூக்கியிருக்கிறார்.

கோவிட் வருடத்தையும் பாரிஸுக்குப் பிந்தைய வருடத்தையும் விட்டுவிட்டால், அவருடைய பெரிய ஓய்வுகளுக்குத் தேதி குறித்தது காயம்தான். 2018-ல் முதுகு குறித்தது. 2023-ல் இடுப்பு குறித்தது. அதுவும் இரண்டு முறையும் ஆசியப் போட்டிகளைப் பறித்துக்கொண்டது. அவர் கழுத்தில் இன்னும் ஏறாத பெரிய பதக்கம் ஆசியப் போட்டிப் பதக்கம்தான் என்பதை யோசித்தால், இந்த 48 நாளின் கனம் புரியும்.

வயசு மேல பழி போடலாமா?

சரி, 30-க்கு மேல் உடம்பு நிஜமாகவே மெதுவாகத்தான் தேறுகிறதா?

இதற்கு நேரான 'ஆமாம்' கிடையாது. 2008-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 45 வயதை ஒட்டிய சைக்கிள் வீரர்களையும் 20-களில் இருந்தவர்களையும் 3 நாள் தொடர்ச்சியாக ஓட்டவைத்துப் பார்த்தார்கள். இரு தரப்பினரின் ஓட்டமும் விழவில்லை. ஆனால், வலியும் அசதியும் மூத்தவர்களுக்குத்தான் அதிகம். அதாவது, வண்டி ஓடுகிறது, சத்தம்தான் கூடுகிறது. நீங்கள் 33 வயதில் 'எனக்கு வயசாயிடுச்சு' என்று உட்கார்ந்துவிட்டால், அது அவசரப்பட்டு எழுதிய தீர்ப்பு.

ஆனால், சில விஷயங்கள் உண்மையிலேயே மாறுகின்றன. அதில் முக்கியமானது தசையைவிடத் தசைநாண். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் கயிறு அது.

இதைக் கண்டுபிடித்த விதமே ஒரு த்ரில்லர் கதை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் ஒருவகைக் கார்பன் கூடியது. அது சாப்பாடு வழியாக அந்தக் காலத்து மனிதர்களின் உடம்புக்குள்ளும் போனது. 2013-ல் டென்மார்க் ஆய்வாளர்கள், குதிகால் தசைநாணில் அந்தக் கார்பன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். தசை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. தசைநாணின் நடுப்பகுதியோ, 17 வயது வாக்கில் எப்படி உருவானதோ ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் உங்களுக்கு வாய்த்த கயிற்றைத்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழகப் பழக அது கொஞ்சம் முறுக்கேறும், உறுதியாகும். ஆனால், தசை மாதிரி வேகமாக வளராது. அதனால்தான் 2 மாதத்தில் பெஞ்ச் பிரஸ் 20 கிலோ ஏறிவிடுகிறது, மூன்றாவது மாதம் தோள்பட்டையோ முழங்கையோ குத்த ஆரம்பிக்கிறது. தசை தயாராகிவிட்டது, கயிறு இன்னும் தயாராகவில்லை. 22 வயதிலும் இதே கதைதான். 35-ல் அந்தக் கயிறு கூடுதலாக 13 வருட வேலையையும் பார்த்திருக்கிறது. அதில் கிரிக்கெட்டில் சுளுக்கியது, பைக்கிலிருந்து விழுந்தது எல்லாமும் சேரும்.

இரண்டாவது மாற்றம், தூக்கம். உடம்பு தன்னைப் பழுதுபார்க்கும் வேலையின் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் அப்போதுதான். 2000-ல் வெளியான ஓர் ஆய்வு, 16 முதல் 83 வயது வரையிலான 149 ஆண்களின் தூக்கத்தை அளந்தது. 16-25 வயதில் மொத்தத் தூக்கத்தில் 18.9 சதவிகிதம் ஆழ்ந்த தூக்கம். 36-50 வயதில் அது 3.4 சதவிகிதம். தாத்தா ஆன பிறகு வருகிற பிரச்னை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, வீட்டு லோன் வாங்குகிற வயதிலேயே வந்துவிடுகிறது!

இதோடு நம் வாழ்க்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓ.எம்.ஆரில் நைட் ஷிஃப்ட், ஒரு மணி நேர டிராஃபிக், ராத்திரி 12 மணி வரை ரீல்ஸ், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், இளம் வயதினரையே ஒரே ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்தபோது, தசை புரதத்தை உருவாக்கும் வேகம் 18 சதவிகிதம் குறைந்தது. ஒரே ராத்திரி!

'வயசாயிடுச்சு' என்று நாம் சொல்வதில் பாதி, 'தூங்கலை' என்பதன் மரியாதையான வடிவம் என்பது என் அபிப்ராயம்.

'நோ டேஸ் ஆஃப்' என்று யார் சொல்வது?

உங்கள் ஃபோனைத் திறந்தால் ஒருவர் கத்துவார்: 'நோ டேஸ் ஆஃப்!' பின்னணியில் மாஸ் பி.ஜி.எம்.

இந்தக் கலாசாரத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பல்கேரியா. பயிற்சியாளர் இவான் அபாட்ஜியேவ், தன் வீரர்களைத் தினமும் பலமுறை, ஏறக்குறைய உச்ச எடையிலேயே தூக்கவைத்தார். பதக்கங்கள் குவிந்தன. இன்றும் யூடியூப்பில் 'பல்கேரியன் முறை' என்று தேடினால் ஏராளமாக வரும். அந்த வீடியோக்கள் சொல்லாமல் விடுகிற சங்கதிகள் இரண்டு. அந்த வீரர்களுக்குத் தூக்குவதும் தூங்குவதும்தான் வேலை. மேனேஜர் கிடையாது, இ.எம்.ஐ டென்ஷன் கிடையாது. இன்னொன்று, 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இரண்டு பல்கேரிய வீரர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அந்த அணி மொத்தமும் போட்டியிலிருந்து விலகியது.

மருந்து போட்டுத் தேறுகிற உடம்பின் டைம்டேபிளை, சாம்பார் சாதம் சாப்பிட்டுத் தேறுகிற உடம்பு பின்பற்றினால் என்ன ஆகும்? இன்ஸ்டாவில் வாரத்துக்கு 6 நாள் உச்ச எடை தூக்கும் எல்லோர்மீதும் சந்தேகப்படச் சொல்லவில்லை. அவருடைய ஓய்வுக் கணக்கில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதே பல்கேரியப் பட்டறையில் உருவாகி, பின்பு துருக்கிக்குப் போனவர் நயீம் சுலைமானோக்ளு. 'பாக்கெட் ஹெர்குலஸ்' என்று கொண்டாடப்பட்டவர். 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். சில வருடம் ஒதுங்கியிருந்துவிட்டு, 2000 சிட்னியில் 33 வயதில் திரும்பி வந்தார். முதல் முயற்சிக்கே 145 கிலோ கேட்டார். சுலபமான எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் பொறுமை அன்று அவருக்கு இல்லை. மூன்று முயற்சியும் தோல்வி. பெயருக்கு நேராக எண்ணே இல்லாமல் வெளியேறினார்.

நம்ம ஜிம்மில் இது தினமும் நடக்கிறது. கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் என்று ஒரு வருட கேப் விட்டவர், திரும்பி வந்த முதல் வாரமே பழைய எடையை ஏற்றுவார். 'மசில் மெமரி இருக்கு பாஸ்!' மெமரி இருக்கிறதுதான். தசைக்கு இருக்கும் நினைவு தசைநாணுக்கு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: நீண்ட கேப்புக்குப் பிறகு திடீரென்று கடுமையாகப் பயிற்சி செய்து, மறுநாள் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், கைகால் வீங்கி அசைக்க முடியாமல் இருந்தால், 'நல்லா ஒர்க்கவுட் ஆகியிருக்கு' என்று சந்தோஷப்படாதீர்கள். தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலையாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் நார்பெர்ட் ஷெமான்ஸ்கி. 1948-ல் வெள்ளி, 1952-ல் தங்கம். முதுகுக் காயத்தால் 1956 ஒலிம்பிக்கே போய்விட்டது. அத்துடன் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மனிதர் 1960-ல் வெண்கலம், 1964 டோக்கியோவில் மறுபடி வெண்கலம். அப்போது அவருக்கு வயது 40!

நம்ம ஊர்க் கதை வேண்டுமா? வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோவில் காமன்வெல்த் தங்கம். 2018-ல் கோல்ட் கோஸ்டுக்குப் போவதற்கு முன், தேசியப் போட்டியில் 194 கிலோ முயன்றபோது தொடைத் தசையில் காயம். அது முழுதாக ஆறாத நிலையில்தான் மேடை ஏறினார். 144, 173, மொத்தம் 317 கிலோ. தங்கம் உறுதியானதும் கடைசி முயற்சியை எடுக்காமலே விட்டுவிட்டார். 'இன்னும் ரெண்டு கிலோ போட்டுப் பார்க்கலாமே' என்கிற சபலம் அந்த மேடையில் எவ்வளவு இருந்திருக்கும்! காயம்பட்ட தொடைக்கு அன்று அவர் கொடுத்த ஓய்வு அந்த ஒரு முயற்சிதான். எனக்கு அந்தத் தங்கத்தைவிட அந்த முடிவு பிடிக்கும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஓய்வு என்றால் ஒரேயடியாக நிறுத்துவது இல்லை. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 16 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த 32 வாரம் பயிற்சியைப் பலமடங்கு குறைக்கச் சொன்னார்கள். 20-35 வயதினர், ஒன்பதில் ஒரு பங்கு பயிற்சியிலேயே சேர்த்த தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 60-75 வயதினரால் மூன்றில் ஒரு பங்கு செய்தும் தசை அளவைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், பலம் பெரும்பாலும் நின்றது.

இதில் உங்களுக்கு இரண்டு செய்திகள். இப்போது 30-களில் இருக்கிறீர்கள் என்றால், ஒரு வாரம் பாரத்தைக் குறைத்தால் எல்லாம் கரைந்துபோய்விடும் என்று பயப்படத் தேவையே இல்லை. இன்னொன்று, வயது ஏற ஏற, மாதக்கணக்கில் முழுதாக நிறுத்துவதற்கான விலையும் ஏறுகிறது. காயம் வந்தால் மாதக்கணக்கில் நிற்கத்தான் வேண்டும். அதனால், காயம் வருவதற்கு முன்பே சின்னச் சின்னதாக நீங்களே நிறுத்திக்கொள்வது லாபம்.

அந்தச் சின்ன நிறுத்தத்துக்கு ஜிம் மொழியில் 'டீலோட்' என்று பெயர். மூன்று வாரம் ஏற்றுங்கள். நான்காவது வாரம் ஜிம்முக்குப் போங்கள், ஆனால் செட்டுகளைப் பாதியாக்குங்கள், எடையையும் வழக்கத்தில் 60 சதவிகிதம் அளவுக்கு இறக்குங்கள். போர் அடிக்கும். பக்கத்தில் இருப்பவர் 'என்ன ப்ரோ, வெயிட்ட குறைச்சிட்டீங்க?' என்பார். சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள். மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு ஒரு ஐடியா: கம்பெனியில் மாதக் கடைசி நெருக்கடி வருகிற வாரத்தையே டீலோட் வாரமாக வைத்துவிடுங்கள். எப்படியும் அந்த வாரம் தூக்கம் இருக்காது.

கனமான ஸ்குவாட்டும் கனமான டெட்லிஃப்ட்டும் அடுத்தடுத்த நாள் வேண்டாம். இரண்டுக்கும் பாரம் விழுவது அதே கீழ் முதுகில்தான். 25 வயதில் 48 மணி நேரத்தில் தயாரானீர்கள் என்றால், இப்போது 72 மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். நடுநாளில் சும்மா படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், நீந்தலாம், மெல்லிய எடையில் கைவேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டு வந்தால் அதையும் ஓய்வு என்று எழுதாதீர்கள். உடம்புக்கு அதுவும் லெக் டேதான்!

காலையில் எழுந்ததும், ஃபோனை எடுக்கும் முன், நாடித் துடிப்பைப் பாருங்கள். ஸ்மார்ட்வாட்ச் இருந்தால் அதுவே சொல்லும், இல்லாவிட்டால் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணலாம். ஒரு மாதம் பார்த்தால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். அதைவிட 7, 8 துடிப்பு கூடுதலாக 2, 3 நாள் தொடர்ந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதைவிட எளிமையான பரிசோதனை வார்ம்-அப். வெறும் பார்பெல்லே கனமாகத் தெரிகிறதா? அன்றைக்கு ரெக்கார்டு கனவை மூட்டை கட்டிவிடுங்கள்.

ஐஸ் பாத் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். டிரம் நிறைய ஐஸ் போட்டு உட்கார்ந்து வீடியோ எடுப்பது இப்போது ஃபேஷன். 2015-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், எடைப் பயிற்சி முடிந்ததும் ஒரு குழுவை 10 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் உட்காரவைத்தார்கள். இன்னொரு குழு மெதுவாக சைக்கிள் மிதித்தது. 12 வாரம் கழித்துப் பார்த்தால், தசையும் பலமும் நன்றாகக் கூடியது சைக்கிள் மிதித்தவர்களுக்கு. ஒரே நாளில் இரண்டு போட்டி ஆடுகிறவர்களுக்கு ஐஸ் உதவலாம். தசை சேர்க்க வந்த உங்களுக்கு, பயிற்சி முடிந்த கையோடு ஐஸ் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

முட்டை என்றதும் சாப்பாடு. இளம் வயதில் ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.24 கிராம் புரதம் கிடைத்தாலே தசை முழுவேகத்தில் வேலை செய்யும் என்றும், 70 வயதை ஒட்டியவர்களுக்கு 0.40 கிராம் தேவைப்படுகிறது என்றும் 2015-ல் வெளியான ஓர் அலசல் சொல்கிறது. 70 கிலோ எடை என்றால் 17 கிராமுக்கும் 28 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறீர்கள், போகப்போவது 28 பக்கம்தான். நாலு இட்லியில் கிடைப்பது சுமார் 8 கிராம். இரண்டு முட்டை சேர்த்தால் 20-ஐத் தொடலாம். ராத்திரி மட்டும் அரை கிலோ சிக்கனைக் கட்டிவிட்டுக் காலையில் வெறும் காபியோடு ஓடுவதைவிட, மூன்று வேளையும் பிரித்துக்கொள்வது நல்லது. சுண்டல், தயிர், மீன், பருப்பு எல்லாம் கணக்கில் சேரும்.

தூக்கத்துக்கு நான் பெரிதாக டிப்ஸ் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: ராத்திரி 5 மணி நேரம்கூடத் தூங்காமல், காலை 5 மணிக்கு அலாரம் வைத்து ஜிம்முக்கு ஓடுவதை ஒழுக்கம் என்று நினைக்காதீர்கள். அன்று இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்குவதுதான் உங்களுக்கான ஒர்க்கவுட்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை மீராபாயே பேசியிருக்கிறார். பாரிஸில் போட்டி நாள் தன் மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றும், உடம்பு சற்று பலவீனமாக இருந்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னார். ஒலிம்பிக் தேதியை அவரால் மாற்ற முடியாது. உங்கள் ஜிம் தேதியை நீங்கள் மாற்றலாம். சோர்வாக இருக்கும் நாளில் எடையை இறக்குவதற்கு டிரெய்னரிடம் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

மாத்திரை போட்டுக்கிட்டு ஒரு செட்

இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 34 வயதில், கீழ் முதுகில் ஒரு பிடிப்பு. டிரெய்னரிடம் சொன்னேன். 'பெல்ட் டைட்டா கட்டுங்க சார், போயிடும்' என்றார். வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு டெட்லிஃப்ட் போனேன். வலி தெரியவே இல்லை. நன்றாகத் தூக்கினேன், ரெக்கார்டுகூட வந்தது. மறுநாள் காலை பல் தேய்க்கக் குனிந்தவன் வாஷ்பேசினைப் பிடித்தபடியே நின்றேன். அடுத்த 9 வாரம் ஒரு கிலோ எடைகூடத் தூக்கவில்லை. 'ரெண்டு நாள் லீவு போட்டிருக்கலாம்ல?' என்று அம்மா கேட்டதற்கு இதுவரை என்னிடம் பதில் இல்லை.

மாத்திரை வலியை மறைக்கும், காரணத்தை மறைக்காது. வலி காலுக்கு இறங்கினால், மரத்துப்போனால், ராத்திரி தூக்கத்தில் எழுப்பினால் டிரெய்னரை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, மயக்கம் வந்தால் அந்த செட்டை முடிக்கக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மீராபாய்க்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அவருக்கு விஜய் சர்மா என்ற பயிற்சியாளர் பல வருடமாகக் கூடவே இருக்கிறார். 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆள் உண்டு. அப்படி இருந்தும் முதுகு, தோள், மணிக்கட்டு, இடுப்பு என்று வரிசையாக அடிபட்டிருக்கிறார். நமக்கு அப்படிச் சொல்ல ஆளே இல்லை. பெரும்பாலான ஜிம்களில் டிரெய்னரின் வேலையே 'இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு' என்று கத்துவதுதான். அவர்மீது முழுப் பழியும் போட முடியாது. உற்சாகப்படுத்தத்தான் நாம் பணம் கட்டுகிறோம், நிறுத்தச் சொல்ல யாரும் கட்டுவதில்லை.

அவருக்கு முன்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிகக் குறைந்த எடைப் பிரிவே 53 கிலோ. இத்தனை வருடம் 48, 49-க்குள் உடம்பை அடக்கிவைக்கப் பட்டினி கிடந்தவர், அந்த மேடை வேண்டுமென்றால் தசை சேர்த்து மேலே போக வேண்டும், அதுவும் 33 வயதில். எடை குறைக்கும் பட்டினி இல்லையென்றால் உடம்பு தேறுவது சுலபமாகும், அது நல்ல செய்தி. ஆனால், அங்கே எதிரில் நிற்பவர்கள் இயல்பிலேயே பெரிய உடம்புக்காரர்கள், பார்பெல்லிலும் கூடுதல் கிலோக்கள் ஏறும். என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தின் முடிவு 2028-ல் தெரியப்போவதில்லை. இந்த வருடம் கிளாஸ்கோவுக்கும் நகோயாவுக்கும் நடுவில் அவர் எத்தனை நாள் பார்பெல்லைத் தொடாமல் இருக்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 8, சனிக்கிழமை. கிளாஸ்கோ முடிந்து ஆறாவது நாள், 32-வது பிறந்தநாள். அன்று இம்பாலில் அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டு அவர் நன்றாகத் தூங்கினார் என்று ஒரு செய்தி வந்தால், நான் நகோயாவுக்கான நம்பிக்கையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். எனக்கும் அந்த வாரம் டீலோட்தான். கேலண்டரில் குறித்துவைத்துவிட்டேன்.